ராட்செட்டுக்கு வைத்த சந்தனப் பொட்டு

போல்ட் திருப்பும் ராட்செட் புதிதாக எது வந்தாலும் எங்கள் மெயின்டனன்ஸ் மேனேஜர் முதலில் அதைக் காதில் வைத்துத்தான் பார்ப்பார். போல்ட் தலையைக் கவ்வும் சாக்கெட்டை மாட்டும் முனையை இடது கையில் பிடித்துக்கொண்டு, கைப்பிடியை வலது கையால் மெல்லப் பின்னோக்கித் திருப்புவார். உள்ளே பல் ஓடும் சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தர்பூசணி வாங்கப் போகிறவர் பழத்தைத் தட்டிப் பார்க்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாரோ அப்படி இருக்கும் அவர் முகம். முதல்முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்காமலே, "சிரிச்சு முடிம்மா, நான் மறுபடி கேக்கறேன்" என்றார்.

ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை அது. அங்கே மெயின்டனன்ஸ் பிரிவில் நான் இன்ஜினியர். மெஷின்களைப் பழுது பார்க்கிறவர்களுக்கு எந்த டூல் வாங்குவது, எதைக் கழித்துக் கட்டுவது என்று பார்ப்பது என் வேலை. எங்கள் பிரிவில் யாருக்காவது அடிபட்டால் அதற்குக் காரணம் கண்டு சொல்வதும் என் தலையில்தான் விழும். பிரிவில் நான் ஒருத்திதான் பெண். நான் ஒருத்திதான் கிறிஸ்தவள். முதலாவதை யாராவது ஒருவர் தினமும் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார். இரண்டாவதை யாரும் நினைவுபடுத்தியதில்லை. அதை நானாகவே நினைத்துக் கவலைப்பட வேண்டிய நாள் ஒன்று வந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மேனேஜர் தர்மபுரிப் பக்கத்துக்காரர். நெற்றியில் விபூதிக் கீற்று, நடுவில் சந்தனம், அதில் ஒரு துளி குங்குமம். காலை ஷிப்டுக்கு வைத்தது மாலை வரை கலையாது. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அந்தப் பிரஸ் ஷாப் வெக்கையில் அது எப்படி நிற்கிறது என்பது எங்களுக்கெல்லாம் புதிர். ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டது. ஆனாலும் இன்னும் சில வருடம் வைத்துக்கொள்வார்கள் என்று ஆபீஸில் பேச்சு இருந்தது. அவர் கடைசிப் பெண் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்த நீட்டிப்பை அவர் நம்பியிருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். டூல் விஷயத்தில் அவருக்கு இரண்டே கட்டளைதான். ஒன்று, "பளபளப்பு கடைக்காரனுக்கு, பிடிப்பு நமக்கு." இன்னொன்று, கைப்பிடியில் பைப் மாட்டக் கூடாது. போல்ட் இறுகிக் கிடந்தால் ராட்செட் கைப்பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, கையை நீளமாக்கி, உன்னித் திருப்புவது இந்த வட்டாரத்து ஒர்க்‌ஷாப்புகளில் சர்வ சாதாரணம். லாரி ஷெட்டில் செய்வார்கள், டிராக்டர் ஷெட்டில் செய்வார்கள். உள்ளே இருக்கும் பல் அந்த பலத்தைத் தாங்காது என்பதால், எங்கள் மேனேஜர் கண்ணில் அது பட்டால் மட்டும் தொலைந்தது. "பைப் போடறவன் சோத்துத் தட்டையும் மிதிப்பான்" என்பார்.

அந்த வருடம் ராட்செட்டும் சாக்கெட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. பழைய ராட்செட்டுகளில் பல் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது. அதனால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கைப்பிடியை நிறையவே ஆட்ட வேண்டும். பிரஸ் மெஷினின் முதுகுப் பக்கத்திலோ கை நுழைவதே பெரும்பாடு. அங்கே கைப்பிடி ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மேல் ஆடாது. பல் பிடிப்பதற்குள் சுவரில் முட்டிக்கொள்ளும். மூன்று கம்பெனியிலிருந்து மாதிரி வரவழைத்து மேஜையில் பரப்பி, மேனேஜரும் நானும் அலசினோம். சாக்கெட்டை போல்ட் தலையில் மாட்டி எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று பார்த்தோம். போல்ட்டின் மூலையைக் கவ்வுகிறதா, பக்கத்தைக் கவ்வுகிறதா என்று பார்த்தோம். மூலையைக் கவ்வும் சாக்கெட் நாளடைவில் போல்ட் தலையை மழுக்கிவிடும். சாக்கெட்டின் சுவர் கனம் பார்த்தோம். எண்ணெய்க் கையோடு கைப்பிடியைப் பிடித்து வழுக்குகிறதா என்று பார்த்தோம். ஒரு கம்பெனி சாக்கெட்டில் அளவு எழுதியிருந்தது முதல் துடைப்பிலேயே பாதி அழிந்துபோனது. அதை அவர் ஒரு விரலால் மேஜை ஓரத்துக்குத் தள்ளிய விதத்தைப் பார்த்து, கூட இருந்த விற்பனைப் பிரதிநிதி தானாகவே பையைக் கட்ட ஆரம்பித்தார்.

கடைசியில் தேர்வானது எழுபத்திரண்டு பல் உள்ள ராட்செட். கை லேசாக அசைந்தாலே அடுத்த பல்லைப் பிடிக்கும். சத்தம் பட்டுத் துணி கிழிவதுபோல் சன்னமாக இருந்தது. எங்கள் வேலைக்கு அதுதான் சரி, அதில் இருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவர் ஒரு குறை சொன்னார். திசை மாற்றும் சின்ன நெம்புகோல் தலையில் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றி நூலளவு இடைவெளி இருந்தது. "இந்தச் சந்துல அழுக்கு போவும்மா. பல்லு பெருசா இருந்தா அழுக்க நசுக்கிட்டுப் போயிடும். இது பொடிப் பல்லு. நாக்கு நல்லா உக்காராது. தெனம் தொடைக்கச் சொல்லணும்." நாக்கு என்று அவர் சொன்னது பல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் சின்ன இரும்புத் துண்டை. அது பல்லுக்குள் முழுதாக இறங்கி உட்கார்ந்தால்தான் ராட்செட் பிடிக்கும். அரைகுறையாக உட்கார்ந்தால், முழு பலத்தோடு இழுக்கும் நேரத்தில் நழுவும்.

டூல் வந்து சேர்ந்தது ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். சிப்காட்டில் பூஜை அன்றைக்கு வேலை என்பது பெயருக்குத்தான். எல்லா கேட்டிலும் வாழை மரம், மெஷினுக்கெல்லாம் மாலை, தமிழ், கன்னடம், தெலுங்கு என்று மூன்று மொழியிலும் வாழ்த்து. எங்கள் பிரிவில் பெஞ்சின்மேல் சிவப்புத் துணி விரித்து டூல்களை வரிசையாக அடுக்குவார்கள். பொட்டு வைப்பது மேனேஜர்தான். அதை வேறு யாரிடமும் விடமாட்டார். சந்தனமும் கடையில் வாங்கின பொடி அல்ல. அவர் வீட்டம்மா கல்லில் இழைத்து டிபன் டப்பாவில் கொடுத்தனுப்பியது. அந்த வருடம் முதல் மரியாதை புதுசாக வந்த ராட்செட்டுகளுக்கு. ராட்செட்டின் தலை வட்டமாக இருக்கும். வட்டமாகத் தலை என்று ஒன்று இருந்தால் பொட்டு வேறு எங்கே வைப்பார்கள்? ஒவ்வொன்றின் நெற்றியிலும் தாராளமாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். டப்பாவில் மிச்சம் வைக்கக் கூடாதென்று மறு சுற்றும் வந்தார். நான் பொரியும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டு போட்டோ எடுத்தேன். சந்துல அழுக்கு போகும் என்று சொன்ன அதே மனிதர்தான் அதே சந்தின்மேல் ஈரச் சந்தனத்தை அப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சந்தனத்தை அழுக்கு என்று யாருக்குத் தோன்றும்?

விடுமுறை முடிந்து வந்து, வேஸ்ட் துணியால் மேலாகத் துடைத்து, டூல்களை ஆட்களுக்குக் கொடுத்தார்கள். அன்றே விபத்து நடந்தது.

அடிபட்டவர் ஜவளகிரியிலிருந்து வந்து கான்ட்ராக்டில் வேலை பார்த்த ஒரு ஃபிட்டர். முப்பது வயதிருக்கும். இரண்டு குழந்தைகள். மத்திகிரியில் எங்கள் தெருக் கோடியில்தான் வாடகைக்கு இருந்தார். பிரஸ்ஸின் பின்பக்கம் மேடைமேல் நின்று ஒரு பெரிய போல்ட்டை இறுக்கியிருக்கிறார். கடைசி இழுப்பில் ராட்செட் நழுவ, இழுத்த வேகத்திலேயே பின்னால் சாய்ந்து கீழே விழுந்துவிட்டார். மணிக்கட்டு முறிந்தது, புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. நாங்கள் ஓடிப் போய்ப் பார்த்தபோது மேடைக்கு அடியில் ஒரு இரும்புக் குழாய்த் துண்டு கிடந்தது. போதாக்குறைக்கு, அதே மனிதர் முன்பு பைப் மாட்டி மேனேஜரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவர்.

மேனேஜர் அந்தக் குழாயைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை. "நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே" என்று மட்டும் சொன்னார். அதற்குள் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஃபிட்டரின் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். டூலைத் தவறாகப் பயன்படுத்தி விபத்து என்று எழுதிவிட்டால் அந்த ஆளுக்கு இந்தக் கம்பெனியில் மட்டுமல்ல, அந்தக் கான்ட்ராக்டர் ஆள் அனுப்பும் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது. கை முறிந்தவருக்கு வைத்தியச் செலவும் அவர் பாடு என்று ஆகிவிடும். காரணம் என்னவென்று மீட்டிங்கில் சொல்ல வேண்டியவள் நான்.

மாலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஃபிட்டரின் மனைவி சின்னக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தாள். ஃபிட்டர்தான் பேசினார். பாதி தமிழும் பாதி கன்னடமுமாகத்தான் அவர் எப்போதும் பேசுவார்.

"தேவராணை மேடம், பைப் போடலைங்க. அந்தப் பைப்பு முன்னமே அங்க கெடந்துச்சுங்க. முன்னாடி போட்டேன், இல்லேங்கல. இப்ப போடலே."

"அப்புறம் எப்படி நழுவுச்சு?"

"கொத்தில்ல மேடம், தெரியலைங்க. சடக்குனு உட்ருச்சு. புது டூலுங்க, அத யாரு சந்தேகப்படுவாங்க? என்னையத்தான் படுவாங்க."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் காலை முதல் வேலையாக அந்த ராட்செட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பைப் மாட்டி இழுத்திருந்தால் கைப்பிடியின் குரோம் பூச்சில் குழாயின் விளிம்பு பதிந்து வளையமாகக் கீறல் விழுந்திருக்கும். பழைய ராட்செட்டுகளில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதில் ஒரு கீறல்கூட இல்லை. அப்போதே ஃபிட்டர் சொன்னது உண்மை என்று தெரிந்துவிட்டது. பிறகு, மேனேஜர் செய்வதுபோல் காதில் வைத்துத் திருப்பினேன். பட்டுத் துணி கிழியும் சத்தம் இல்லை. தொண்டை கட்டினவர் பேசுவதுபோல் இருந்தது. தலையின் மூடியைக் கழற்றினேன். நாக்குக்குப் பின்னால், கிரீஸோடு குழைந்து இறுகி, மஞ்சளும் சிவப்புமாக ஒரு கட்டி. மோந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மூடியைத் திறந்ததுமே சந்தனம் மணந்தது. மற்ற புது ராட்செட்டுகளையும் திறந்தேன். சிலவற்றில் கொஞ்சம், சிலவற்றில் நிறைய. பொட்டு வைத்த பழைய ராட்செட் ஒன்றையும் திறந்து பார்த்தேன். அதிலும் சந்தனம் இறங்கியிருந்தது. ஆனால் அந்தப் பெரிய பற்கள் அதைப் பொடியாக்கி ஒதுக்கிவிட்டிருந்தன.

கண்டுபிடித்த சந்தோஷம் மூடியைத் திருப்பிப் போடும் வரைகூட நிற்கவில்லை. இதை நான் எப்படிச் சொல்வது? பூஜை போட்டதால் விபத்து என்று, அந்தப் பிரிவில் இருக்கும் ஒரே கிறிஸ்தவள் மீட்டிங்கில் எழுந்து சொல்ல வேண்டும். அதுவும் பொட்டு வைத்தவர் யார்? எனக்கு மேலதிகாரி. அவர் மனைவி இழைத்துக் கொடுத்த சந்தனம். பல வருடம் ஒரே பெஞ்சில் பொரி சாப்பிட்டவர்கள் நாளை என்னை எப்படிப் பார்ப்பார்கள்? இரவு சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் வேறொரு கம்பெனியில் வேலை பார்க்கிறவர். வம்பென்றால் பத்தடி தள்ளி நிற்பார்.

"தூசின்னு எழுதிட்டுப் போயேன். அந்தாளு வேலையும் தப்பிக்கும், உன் தலையும் தப்பிக்கும்."

"புது டூல்ல அதுக்குள்ள எங்கிருந்து தூசி வந்துச்சுன்னு சார் கேப்பார்."

"அப்ப நீ மாட்னே."

தூசி என்று எழுதுவதை நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். ஜெபம் சொல்லும்போதுகூட அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் தூசி என்று எழுதினால், அதை உடைக்க மேனேஜருக்கு ஒரு கேள்வி போதும். உடைந்தால் பழி மறுபடி அந்தக் குழாய்த் துண்டில்தான் வந்து நிற்கும்.

மீட்டிங்குக்கு முன்னால் அவர் அறைக்குப் போனேன். திறந்த தலையை ஒரு செய்தித்தாளில் வைத்து அவர் மேஜைமேல் வைத்தேன். பேசுவதற்கு வழிநெடுகத் தயார் செய்துகொண்டு வந்தது எல்லாம் மறந்துபோயிற்று.

"சார், எங்க சர்ச் ஃபாதர் வண்டிக்குத் தீர்த்தம் தெளிச்சாலும், தொடைக்காம விட்டா துருப்பிடிக்கத்தான் செய்யும்" என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தார். ஆள்காட்டி விரலால் அந்தக் கட்டியைத் தொட்டார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். அவர் நெற்றியில் இருந்ததும் அதே சந்தனம்தான். கைப்பிடியை எடுத்துத் திருப்பித் திருப்பிக் கீறலைத் தேடினார். நான் தேடியதைவிட அதிக நேரம் தேடினார். கீறல் கிடைத்துவிடாதா என்று அவர் தேடியது எனக்குத் தெரிந்தது. அப்போது அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அந்தப் பையன் பைப் போடல" என்றார் கடைசியில்.

"இல்ல சார்."

"நீ போம்மா. நான் வரேன்."

என்ன செய்யப் போகிறார் என்று அவர் சொல்லவில்லை. மீட்டிங் அறையில் பிளான்ட் ஹெட் இருந்தார், பணியாளர் விவகாரம் பார்க்கும் பர்சனல் அதிகாரி இருந்தார், கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் கேட் பாஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பேசச் சொன்னார்கள். கைப்பிடியில் கீறல் இல்லை, பைப் மாட்டவில்லை, நாக்குக்குப் பின்னால் கட்டி சேர்ந்து பல்லில் சரியாக உட்காரவில்லை, அதனால் நழுவியிருக்கிறது என்றேன். அதுவரை சரளமாக வந்தது. என்ன கட்டி என்று கேட்டார் பிளான்ட் ஹெட். கையோடு கொண்டுவந்த செய்தித்தாளின் மடிப்பைப் பிரிக்க ஆரம்பித்தேன். பர்சனல் அதிகாரி நல்ல மனிதர். செய்தித்தாளில் இருந்த மஞ்சளும் சிவப்பும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். சட்டென்று குறுக்கே வந்து, "தூசி கீசியா இருக்கும். தூசின்னே எழுதிக்கலாமே" என்றார்.

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது. தலையை ஆட்டியிருப்பேன். அதற்குள் மேனேஜர் எழுந்துவிட்டார்.

"தூசி இல்லைங்க. எங்க வீட்டுச் சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வெச்சது. இந்த எடத்துல எதுவும் போகக் கூடாதுன்னு இவங்ககிட்ட சொன்னவனும் நான்தான். என் பேர எழுதிக்கங்க." பிறகு சூப்பர்வைசரைப் பார்த்து, "அந்த பாஸக் குடுங்க, நானே கொண்டு போய்க் குடுத்துடறேன்" என்றார்.

பூஜை போட்டதா தப்பு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்குப் பதில் சொல்லவும் அந்த அறையில் சரியான ஆள் அவர்தான். அவர் சொன்ன அதே வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருந்தால் அது ஊர்ச் சண்டையாகியிருக்கும். அது தெரிந்துதான் அவர் முந்திக்கொண்டார் என்று இன்றுவரை நம்புகிறேன்.

அன்று மாலையே ஆஸ்பத்திரிக்குப் போய் கேட் பாஸைக் கொடுத்துவிட்டு வந்தாராம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கை கூடியதும் ஃபிட்டர் வேலைக்குத் திரும்பினார். வைத்தியச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனம் எல்லா டூலுக்கும் கைப்பிடியின் நுனியில் போயிற்று. ஆனால் அந்தப் பூஜைக்குப் பொட்டு வைத்தது வேறொரு மேனேஜர். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் ஒருவர் பெயர் எழுதப்பட்ட பிறகு அவருக்கு நீட்டிப்பு கொடுப்பதில்லை என்று மேலிடத்தில் முடிவு செய்துவிட்டார்கள். ஓய்வு நாளன்று சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலம் அவர் அறை காலியாகிக்கொண்டிருக்கும்போது போய் நின்றேன். "நான் வேற மாதிரி சொல்லியிருக்கலாம் சார்" என்றேன். மேஜை இழுப்பறையைத் துடைத்துக்கொண்டிருந்தவர், துணியைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, எனக்கு முடிஞ்ச வேலைதான் முடிஞ்சுது. அவனுக்கு ஆரம்பிச்ச வேலையே போயிருக்கும். ரெண்டும் ஒண்ணா?"

இப்போது நான் சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். பாதி வேலைக்கு பேட்டரியில் ஓடும் டூல் வந்துவிட்டது. கையால் இழுக்கும் ராட்செட்டிலும் தலை முழுக்க அடைத்து வருகிறது. சந்தனம் என்ன, தண்ணீர்கூட உள்ளே போகாது. ஆனால் ஆளுக்கு அடிபடுவது மட்டும் நிற்கவில்லை. அடிபட்டால் மீட்டிங்கும் நிற்கவில்லை. ஒவ்வொரு மீட்டிங்கிலும் முதலில் எழுதப்படுவது அடிபட்டவர் பெயர்தான். இப்போது அந்த அறையில் மேனேஜர் நாற்காலியில் உட்காருகிறவள் நான். என் பேரை எழுதுங்கள் என்று நான் எழுந்து சொல்ல வேண்டிய நாள் இதுவரை வரவில்லை. வந்தால் எழுந்துவிடுவேன் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் என் பெண் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள்.